புகை வராத சனிக்கிழமை

இந்தக் குளிர்காலத்தில் என் மனைவியை வீட்டை விட்டு நகர விடுவதில்லை என்று முடிவெடுத்தேன். முடிவெடுத்தபோது அவள் பக்கத்தில் இல்லை. இருந்திருந்தால் எடுத்திருக்க முடியாது.

என் பெயர் உர்ஹோ. எங்கள் மொழியில் வீரன் என்று அர்த்தம். பிறந்த கையோடு வைத்துவிட்டார்கள், கொஞ்சம் பொறுத்துப் பார்த்திருக்கலாம். நாற்பது வருஷம் மர லாரி ஓட்டினேன். இப்போது ஓய்வு. வடக்கே கூசமோ என்ற ஊரிலிருந்து இன்னும் உள்ளே தள்ளி, ஏரிக்கரையில் வீடு. வீட்டில் நான், மனைவி ஹில்க்கா, ஒரு ரேடியோ. நாய் ஒன்று இருந்தது. இரண்டு வருஷம் முன்னால் அதுவும் போய்ச் சேர்ந்தது.

தெற்கே கயானி நகரத்தில் இருக்கும் எங்கள் மகள் ரீக்காவுக்கு இரண்டாவது குழந்தை பிறந்தது. மருமகன் கப்பலில் வேலை பார்க்கிறவன், வீட்டில் இருக்கும் நாளைவிடக் கடலில் இருக்கும் நாள் அதிகம். அக்டோபர் மாதம் ஒருநாள், மேஜையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே ஹில்க்கா சொன்னாள்.

"நான் கயானிக்குப் போறேன். ஈஸ்டர் வரைக்கும் இருந்துட்டு வரேன். நீயும் வாயேன்."

"வீட்ட யாரு பாத்துக்கறது? குழாய்ல தண்ணி உறைஞ்சு வெடிச்சுடும்."

"சரி," என்றாள். உருளைக்கிழங்கை என் தட்டில் போட்டாள். பேச்சு முடிந்தது.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் யாராவது காப்பி குடி என்றால் முதல் தடவை வேண்டாம் என்றுதான் சொல்வோம். இரண்டாம் தடவை கொஞ்சம் இழுப்போம். மூன்றாம் தடவை கோப்பையை நீட்டுவோம். அதுதான் மரியாதை. நானும் மரியாதையாகத்தான் நடந்துகொண்டேன். இரண்டாம் தடவை கூப்பிடுவாள் என்று காத்திருந்தேன். அன்றும் கூப்பிடவில்லை, மறுநாளும் கூப்பிடவில்லை. கட்டிய புருஷனை ஒரு வாய் காப்பிக்குக் கூப்பிடுகிற அளவுக்குக்கூடக் கூப்பிடவில்லை.

போகாதே என்று நேராகச் சொல்ல வேண்டியதுதானே என்பீர்கள். மனசில் இருப்பதை நான் கடைசியாக வாய்விட்டுச் சொன்னது கல்யாணத்தன்று, பாதிரியார் கேட்டபோது. அதுவும் ஒரே வார்த்தை. அதற்கே எனக்கு வேர்த்துவிட்டது.

பயம்தான், வேறென்ன. போன டிசம்பரில் அவள் கொஞ்ச நாள் கயானிக்குப் போயிருந்தாள். சூரியன் மரங்களுக்கு மேலே தலை காட்டாத மாதம். காலையில் பழக்கதோஷத்தில் இரண்டு கோப்பை எடுத்து வைப்பேன், ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைப்பேன். ரேடியோவில் வானிலை வாசிக்கும் பெண் காலை வணக்கம் என்றால் நானும் வணக்கம் என்பேன். சாயங்காலம் எது, ராத்திரி எது என்று தெரியாது, இரண்டும் கறுப்பு. ஹில்க்கா திரும்பி வந்து, "எப்படி இருந்த?" என்றாள். "நல்லா இருந்தேன்," என்றேன். அத்தனை நாளில் ஒரு மனுஷ ஜீவனிடம் நான் பேசிய முதல் வாக்கியம் அது, அதுவும் பொய்.

ஆகவே டயர்.

எங்கள் ஊரில் ஆண்கள் பேசுவதில்லை. பெட்ரோல் பங்க் காப்பிக் கடையில் ஒரே மேஜையில் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்போம், கோப்பை மட்டும்தான் சத்தம் போடும். ஆனால் அக்டோபர் பிறந்து யாராவது ஒருவன் "போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டால் போதும், அணை உடைந்துவிடும். பனியில் வழுக்காமல் பிடிக்கும் பனி டயர் போட்டாச்சா என்று அர்த்தம். ஆணி பதித்த டயரா, ஆணி இல்லாத டயரா என்று இரண்டு கட்சி. இதனால் பேச்சுவார்த்தை அறுந்துபோன அண்ணன் தம்பி உண்டு. எப்படியும் பேசாதவர்கள் என்பதால் சண்டை என்று ஊருக்குத் தெரியவே சில வருஷம் ஆயிற்று. நான் ஆணிக் கட்சி. மரத்தில் இலை இருக்கும்போதே டயர் மாற்றிவிடுவேன். பனி டயர் போடாமல் வண்டி எடுப்பவன் மனிதனே அல்ல என்று ஹில்க்காவுக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து ஓதி வந்திருக்கிறேன். ஆகவே அவள் டயர் இல்லாவிட்டால் அவள் பயணம் இல்லை. பயணம் இல்லாவிட்டால் மேஜையில் இரண்டு கோப்பை.

புதன்கிழமை அவள் தேவாலயப் பாட்டுக் குழுவுக்குப் போனாள். நான் கொட்டகையைத் திறந்தேன். அவளுடைய பனி டயர் நாலும் ஒரு பக்கம், என்னுடைய நாலு இன்னொரு பக்கம். அவளுடையதைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வயலுக்கு அந்தப்புறம் ராய்மோவின் வீட்டுக்குத் தள்ளினேன். ராய்மோ மனைவியை இழந்தவன். பேசுவதில் என்னைவிடச் சிக்கனம்.

"ராய்மோ, இந்த நாலையும் உன் சவுனால வைக்கணும்."

"ம்."

"எதுக்குன்னு கேக்க மாட்டியா?"

"கேட்டா சொல்லுவியா?"

"மாட்டேன்."

"பின்ன?"

சவுனா என்றால் எங்கள் ஆவிக் குளியல் அறை. அங்கே கல்லடுப்புக்கு எதிரே, ஆவியில் உட்காரும் மரப்படியில் நாலு டயரையும் வரிசையாக உட்கார வைத்தோம். குளிக்க வந்த நாலு கறுப்புச் சாமியார்கள் மாதிரி இருந்தன.

"சனிக்கிழமைக்கு நான் எங்க குளிக்கிறது?" என்றான் ராய்மோ.

"எங்க சவுனாவுக்கு வா."

"பீர்?"

"உண்டு."

"சரி."

மறுநாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சமையலறைக்குள் போனேன்.

"ஹில்க்கா, உன் டயரக் காணோம்."

"நாலுமா?"

"நாலும்."

"திருட்டா? இந்த ஊர்லயா?"

"காலம் கெட்டுப்போச்சு."

"பக்கத்துல உன் டயர் இருக்குமே?"

"அது இருக்கு."

"என்னோடத மட்டும் பொறுக்கி எடுத்துட்டுப் போயிருக்கான். நல்ல ரசனை உள்ள திருடன்."

"என் டயர் உன் வண்டிக்குச் சேராது. பழைய வேனோட டயர்."

"தெரியும். உன் வேனும் எனக்கு வேண்டாம். நாய் போயும் நாய் நாத்தம் போகல."

"புதுசு வாங்கலாம்னா கடையில இப்போ கூட்டம். சொல்லி வச்சா கிறிஸ்துமஸ் ஆயிடும். அப்புறம் ரோடு மோசமாயிடும். அடுத்த வருஷம் போயேன், குழந்தை ஓடிப்போயிடவா போகுது."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "ம்," என்றாள். ராய்மோவிடம் கற்றுக்கொண்ட மாதிரி ஒரு ம்.

சனிக்கிழமை வந்தது. இந்த இடத்தில்தான் நான் கோட்டை விட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் ஊரில் எந்த வீட்டு சவுனாப் புகைபோக்கியிலும் புகை வரும். வராவிட்டால் அந்த வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், அல்லது அதையும் தாண்டிவிட்டார் என்று அர்த்தம். டயரை ஒளிக்க நிலவறை இருக்கிறது, படகுக் கொட்டகை இருக்கிறது. நான் சவுனாவைத் தேர்ந்தெடுத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனாவது சோறு போட்டான்.

ஹில்க்கா ஜன்னலருகே நின்றாள்.

"உர்ஹோ, ராய்மோ வீட்ல புகை வரலையே."

"காத்து அந்தப் பக்கம் அடிக்குது."

"காத்து அடிச்சாலும் புகை சாஞ்சு வரும், இல்லாமப் போகாது. செத்துகித்துப் போயிட்டானா?"

"நேத்துகூடப் பாத்தேன்."

"நேத்து பாத்தவங்கதான் இன்னிக்குச் சாவாங்க." மீன் சூப்பைப் பாத்திரத்தோடு எடுத்துக்கொண்டாள்.

"நான் கொண்டு போறேன்."

"நீ கொண்டு போனா பாத்திரம்தான் போய்ச் சேரும்."

போய்விட்டாள். எனக்குத் திருடனுக்குத் தேள் கொட்டின கதை. வெகு நேரம் கழித்து வந்தாள். பூட்ஸைக் கழற்றினாள். பாத்திரத்தைக் கழுவினாள். 

"எப்படி இருக்கான்?" என்றேன்.

"இருக்கான். சவுனா அடுப்பு சரியில்லையாம். நம்ம சவுனாவுக்கு வரச் சொல்லிட்டேன்."

"நல்லது பண்ணின," என்றேன். ராய்மோ என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அன்று சவுனாவில் அவனுக்கு இரண்டு பீர் கூடுதலாகக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான், என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. கண்ணில் ஆவி போலிருக்கிறது என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் ஹில்க்கா பெட்டி கட்டத் தொடங்கினாள்.

"எங்க?"

"கயானிக்கு."

"டயரு?"

"வண்டியில நாலு இருக்கே."

"அது கோடை டயர்."

"ரோடு காஞ்சு கிடக்கு. பனி டயர் எதுக்கு?"

நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். என் வீட்டில், என் சமையலறையில், இப்படி ஒரு கேள்வி.

"ஹில்க்கா, சட்டம்னு ஒண்ணு இருக்கு."

"இருக்கு. நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும், ரோடு மோசமா இருந்தா போடணும்னு இருக்கு. இன்னும் நவம்பர் வரல. ரோடும் மோசமா இல்ல."

"பாலத்து மேல எப்பவும் முன்னாடியே உறையும். கண்ணுக்குத் தெரியாது. கோடை டயர் குளிர்ல கல்லு மாதிரி இறுகிடும். பிரேக் போட்டா வண்டி நிக்காது, நீ மட்டும்தான் நிப்ப, அதுவும் பள்ளத்துல."

"திருடன் கொண்டு போயிட்டானே, நான் என்ன பண்றது? குழந்தை காத்துக்கிட்டு இருக்கு. வியாழக்கிழமை கிளம்பறேன்."

மூன்று நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. ரேடியோப் பெண் ஒவ்வொரு நாளும் இரண்டு டிகிரி குறைத்துக்கொண்டே வந்தாள். சொல்லிவிடலாமா என்று வாயைத் திறப்பேன், ஹில்க்கா திரும்பிப் பார்ப்பாள், "உப்பு எங்க?" என்று கேட்பேன். உப்பு எப்போதும் என் முன்னால்தான் இருக்கும்.

வியாழன் காலை ஜன்னலைப் பார்த்தேன். ரோடு பளபளவென்று மின்னியது. ராத்திரி தூறி, அப்படியே உறைந்திருந்தது. பூனை நடந்தாலே விழும். வாசலில் ஹில்க்காவின் சின்னச் சிவப்பு வண்டி உறுமிக்கொண்டிருந்தது. அவள் உள்ளே உட்கார்ந்திருந்தாள்.

உள்ளாடையும் ரப்பர் பூட்ஸுமாக ஓடினேன். இரண்டு எட்டுதான் ஓடியிருப்பேன், மீதித் தூரம் பிருஷ்டத்தால் போனேன். நேராக வண்டியின் முன்சக்கரத்தில் போய் நின்றேன். அவள் கண்ணாடியை இறக்கினாள்.

"என்ன உர்ஹோ?"

"போகாத. டயர் ராய்மோ சவுனால இருக்கு."

"தெரியும்."

"தெரியுமா?"

"சனிக்கிழமை சூப் கொண்டு போனேனே. நாலும் படியில வரிசையா உக்காந்துக்கிட்டு இருந்துது. வணக்கம்கூடச் சொன்னேன்."

"அப்போ எதுக்கு வண்டிய எடுத்த?"

"எங்க எடுத்தேன்? எஞ்சினைச் சூடு பண்றேன். கியர் போடல பாரு." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு கேட்டாள். "எதுக்கு ஒளிச்ச, உர்ஹோ?"

காத்திருந்தாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அடியில் பனிக்கட்டி. நீ இல்லாத வீட்டில் எனக்கு இருக்க முடியவில்லை என்று ஒரு வாக்கியம், தொண்டை வரைக்கும் வந்தது. நாக்கில் ஏற மாட்டேன் என்றது.

"கழுவி வைக்கலாம்னு," என்றேன்.

"சரி," என்றாள். கண்ணாடியை ஏற்றிவிட்டாள்.

சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அதை நான் சொந்தக் கையால் செய்தேன். தள்ளுவண்டியில் டயர்களைத் திருப்பிக் கொண்டு வந்து, ஜாக்கி வைத்து, மண்டி போட்டு, ஒவ்வொன்றாக மாட்டினேன். அவளை அனுப்பி வைக்கிற நாலு டயரையும் இறுக்கி, இன்னொரு சுற்றும் இறுக்கினேன். ஆணி எல்லாம் நன்றாக இருந்தது. அதில் மட்டும் என்னால் பொய் சொல்ல முடியாது.

"பங்க்கு வரைக்கும் போய் வழிக்கு ரெண்டு ரொட்டி வாங்கிட்டு வா," என்றாள். ஒரு காலால் உதைத்து ஓட்டும் பனிச் சறுக்குவண்டியில் போனேன். திரும்பி வந்தபோது எங்கள் சமையலறையில் ராய்மோ உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தான். நெற்றி முழுக்க வேர்வை.

"என்ன இப்படி வேர்க்குது?"

"காப்பி சூடு," என்றான்.

ஹில்க்கா கிளம்பினாள். பின்சீட்டில் பெட்டிகள், அதன் மேல் குழந்தைக்குத் தொட்டில், அதன் மேல் கம்பளி. என் தோளைத் தட்டி, "உடம்பப் பாத்துக்கோ," என்றாள். வண்டியின் பின்விளக்கு வளைவில் திரும்பும் வரை நின்றேன். பிறகும் கொஞ்ச நேரம் நின்றேன்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல அதிகம் இல்லை. இரண்டு கோப்பை எடுத்தேன், ஒன்றைத் திரும்ப வைத்தேன். பனி விழுந்தது. ரேடியோப் பெண்ணுக்கு வணக்கம் சொன்னேன். ஹில்க்கா போன் செய்தால், "குழாய் எப்படி இருக்கு?" என்பாள், "நல்லா இருக்கு," என்பேன். என்னை எப்படி என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் குழாயைப் பற்றித்தான் சொல்லியிருப்பேன். வீட்டில் அவள் நடக்கும் சத்தம் இல்லாததை, நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை வந்தால் மட்டும் ராய்மோ துண்டோடு வந்தான். அவன் புகைபோக்கி சும்மாவே நின்றது.

"அடுப்பு இன்னும் சரியாகலையா?"

"ம்."

டயரைத்தான் எடுத்தாயிற்றே, இவன் பீருக்குப் பழகிவிட்டான் என்று நினைத்தேன். வரட்டும், எனக்கும் ஆவியில் இன்னொரு மூச்சுச் சத்தம் வேண்டியிருந்தது.

ஒருநாள் காலையில் எழுந்தேன், முகம் மழித்தேன், என் வேனுக்குப் பனி டயர் போட்டுவிடலாம் என்று தோன்றியது. எங்கே போக என்று என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை. இலை இருக்கும்போதே டயர் மாற்றுகிறவன், இந்த வருஷம் ஹில்க்கா கவலையில் மறந்தே போயிருந்தேன். கொட்டகையைத் திறந்தேன். சுவர்தான் இருந்தது. போன் போட்டேன்.

"ஹில்க்கா, என் டயரக் காணோம்."

"நாலுமா?"

"நாலும்."

"காலம் கெட்டுப்போச்சு," என்றாள். பின்னால் குழந்தை அழுதது.

"விளையாடாத. நீ எடுத்தியா?"

"ஆமா, எடுத்தேன். வேணும்னா வந்து வாங்கிக்கோ."

"டயர் இல்லாம எப்படி வர்றது?"

"பஸ்ஸு இருக்கு."

"பஸ்ல நாலு டயரத் தூக்கிட்டுத் திரும்பறதா?"

"அத அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல ஒண்ணு சொல்லு. அவசரமா டயர் எதுக்கு? எங்க போகணும்?"

"எங்கயும் இல்ல."

"எங்கயும் போகாத வண்டிக்குப் பனி டயர் எதுக்கு?"

நாற்பது வருஷம் டயரைப் பற்றிப் பேசியிருக்கிறேன், இந்தக் கேள்வியை மட்டும் யாரும் கேட்டதில்லை.

"வரும்போது உன் கம்பளிச் சட்டைய எடுத்துட்டு வா," என்றாள். "பல்லு விளக்கற பிரஷ்ஷும்."

போனை வைத்துவிட்டுக் கம்பளிச் சட்டையைத் தேடி எடுத்தேன். ஊர் மரியாதைப்படி பார்த்தால் இது இரண்டாம் தடவை கூப்பிட்டது மாதிரி இருந்தது. ஆனால் நான் அதற்காகப் போகவில்லை. டயருக்காகப் போகிறேன். பங்க்கில் எல்லோரிடமும் அப்படித்தான் சொன்னேன். ராய்மோவிடம் சாவியைக் கொடுத்தேன்.

"குழாய நான் பாத்துக்கறேன்," என்றான், நான் கேட்பதற்கு முன்னாலேயே. "அவசரமில்ல. மெதுவா வா."

ராய்மோ வாழ்க்கையில் பேசிய மிக நீளமான பேச்சு அது. எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

பஸ் டிரைவர் என்னைக் கண்ணாடியில் பார்த்தார். "லாரிக்காரர் பஸ்லயா?"

"டயர் எடுக்கப் போறேன்."

"ஆணி வச்சதா?"

"பின்ன?"

அதற்குமேல் நாங்கள் பேச வேண்டியிருக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே வெள்ளைக் காடு ஓடியது. பாதி வழியில் ஒரு கேள்வி வந்தது. அந்தச் சின்னச் சிவப்பு வண்டி, பெட்டிகள், தொட்டில், கம்பளி. அதில் வேன் டயர் நாலு எங்கே புகுந்தது? மரம் ஏற்றி இறக்கிய ஆள் நான், லாரியைப் பார்த்தாலே இத்தனை கட்டை பிடிக்கும் என்று சொல்லிவிடுவேன். கேள்வியை ஜன்னல் பக்கம் தள்ளி வைத்துவிட்டுத் தலையைச் சீவிக்கொண்டேன்.

கயானியில் ஐந்தாவது மாடி. கதவை ஹில்க்கா திறந்தாள். தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அவளுக்குப் பின்னால் மேஜையில் காப்பி, இரண்டு கோப்பை.

"வந்துட்டியா," என்றாள்.

"டயருக்காக வந்தேன்."

"தெரியும். பூட்ஸைக் கழட்டு."

கழற்றினேன். குழந்தையைத் தூக்கி என் கையில் வைத்தாள். சூடாக, ரொட்டி கனம் இருந்தது. என் சட்டையைப் பிடித்துக்கொண்டது. நான் அதன் தலைக்கு மேலாக எட்டிப் பார்த்து, கொஞ்சம் கெத்தாகவே கேட்டேன்.

"டயர் எங்க? கீழ வண்டி நிக்கற இடத்துலயா?"

ஹில்க்கா என் கோப்பையில் காப்பியை ஊற்றினாள்.

"ராய்மோ சவுனாலதான் இருக்கு," என்றாள். "நீ சனிக்கிழமை அவன் புகைபோக்கியப் பாக்கவே இல்லையா?"